மூணு சென்சார் ரீடிங்கைச் சேர்த்து மோட்டார் பழுதைக் கண்டுபிடிக்க டீப் லேர்னிங் இல்லாம முடியாதா?

தாராளமா முடியும் தம்பி. வாடிப்பட்டி தாண்டி ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தப்ப நாங்க செஞ்சதே இதான், அதனாலதான் கேள்வியைப் பாத்ததும் கை சும்மா இருக்கல. நீங்க ஃபைனல் இயரா இருப்பீங்க, ப்ராஜெக்ட் சென்டர்ல நியூரல் நெட்வொர்க் (டீப் லேர்னிங்ல டேட்டாவைப் பாத்துப் பழகுற ப்ரோக்ராம்) கோடை ரெடியா கையில குடுத்திருப்பாய்ங்க, ஆனா கெட்டுப்போன மோட்டாரோட டேட்டா எவ்வளவு வச்சிருக்கன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாய்ங்க. அதான் மொதல்ல கேக்க வேண்டியது.

எங்ககிட்ட ரிங் ஃபிரேம் (நூல் நூக்குற மெஷின்) மோட்டார்ல வைப்ரேஷன், பேரிங் சூடு, கரண்ட் மூணும் வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு லிமிட் வச்சிருந்தாய்ங்க. சித்திரை வெயில்ல மத்தியானம் ஆனா சும்மாவே அலாரம் கத்தும், பயலுக அதை ஆஃப் பண்ணிருவாய்ங்க. ஆனா நெசமா ஒரு பேரிங் போனப்ப அலாரமே வரல. ஏன்னா சூடும் லிமிட்டுக்குள்ள, வைப்ரேஷனும் லிமிட்டுக்குள்ள. லோடு ஏறுனா கரண்ட் ஏறும், கூடவே சூடும் ஏறும், அதுல தப்பே இல்ல. கரண்ட் இருந்த இடத்துலயே இருக்க, சூடும் அதிர்வும் மட்டும் மெல்ல ஏறுதுன்னா உள்ள ஏதோ உரசுதுன்னு அர்த்தம். மூணையும் தனித்தனியா பாத்தா இது கண்ணுல படவே படாது.

இதுக்குத்தான் நம்ம ஊரு புள்ளியியல் மேதை மகலனோபிஸ் 1936லயே ஒரு தூரம் சொல்லி வச்சிருக்காரு. நல்லா ஓடுற மோட்டாரோட ரீடிங்கை மட்டும் எடுத்து சராசரியும் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸும் (எது எதோட சேந்து எவ்வளவு ஏறி இறங்குதுன்னு காட்டுற கட்டம்) போட்டா, புதுசா வர்ற ரீடிங் அந்தக் கூட்டத்துல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு ஒரே நம்பர் வந்துரும். மூணு அளவுன்னா அந்த தூரத்தோட வர்க்கம் 11.34ஐத் தாண்டுறது, மோட்டார் நல்லா இருக்கறப்ப நூத்துல ஒரு தடவைதான் (புள்ளியியல் புக்குல இருக்கற கைஸ்கொயர் டேபிள்ல இருக்கு). நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுத்தா அந்த ஒரு தடவையே நாள் முச்சூடும் தொல்லை குடுக்கும், அதனால தொடர்ந்து தாண்டுனாத்தான் அலாரம்னு வச்சோம். பேரிங் சூட்டுல இருந்து ஷெட் சூட்டைக் கழிச்சதும் சித்திரைப் பிரச்சினையும் போச்சு. வைப்ரேஷன் ரீடிங்கை வரைஞ்சு பாத்தா வால் ஒரு பக்கமா இழுத்துட்டு நிக்கும், அதுக்கு லாகரிதம் (மடக்கை) எடுத்துக்கங்க.

என்ன பழுதுன்னு பிரிக்க, புள்ளியியல்காரர் ஃபிஷரோட டிஸ்கிரிமினன்ட், அதாவது ரீடிங்கை வச்சு இது எந்த வகைன்னு பிரிக்கிற கணக்கு. அதுவும் 1936தான், ரெண்டுக்கு மேல எத்தனை வகை இருந்தாலும் பிரிக்கலாம்னு நம்ம புள்ளியியல்காரர் சி.ஆர்.ராவ் 1948ல விரிச்சுக் குடுத்தாரு. பேரிங்கா, பெல்ட் லூசா, அலைன்மென்ட்டான்னு சொல்ல எங்களுக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

உடனே சண்டைக்கு வராதீங்க, டீப் லேர்னிங் வேஸ்ட்னு நான் சொல்லல. கேமரா படமோ, லேபிள் போட்ட (எது என்ன பழுதுன்னு குறிச்சு வச்ச) டேட்டா மலை மாதிரியோ இருந்தா அதுக்கே போங்க. எங்க மில்லுல பழுதான மோட்டாரு விரல் விட்டு எண்ணுற அளவுதான், அதை வச்சு எந்த நெட்வொர்க்கைப் பழக்குறது?

அந்தக் கொஞ்சத்துக்கும் லேபிள் எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? ஒரு ஃபிட்டர் அண்ணன். ஸ்குரு டிரைவர் நுனியை பேரிங் ஹவுசிங்ல வச்சு, கைப்பிடியைக் காதுல அழுத்திக் கேட்டுட்டு "அவுட்டர் ரேஸ் (பேரிங்கோட வெளி வளையம்) போச்சுப்பா"ன்னுவாரு, கழட்டிப் பாத்தா அதே இடத்துல பொரிஞ்சு போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் கழட்டுனப்ப என்ன பாத்தாருன்னு லாக் புக்குல அவர் எழுதுனதுதான் எங்க டேட்டா. கடைசில டேஷ்போர்டு போட்டுக் குடுத்த கம்பெனிக்காரங்களுக்கு மேடையில சால்வை, ஷீல்டு. அண்ணன் அன்னைக்கு ஷிஃப்ட்ல நின்னாரு, ரிப்போர்ட்ல அவரு பேரே இல்ல. அவருக்கு சம்பளத்துல நூறு ரூவா கூட ஏத்தல, கேக்கப் போனா "அவர் வேலையே அதானப்பா"ன்னாய்ங்க. இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். மூணு சென்சாரோட டைம் ஸ்டாம்பும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, சூடு மெதுவாத்தான் ஏறும், அதனால எல்லாத்தையும் நிமிஷக் கணக்குல சுருக்கிட்டு அப்புறம் சேருங்க. கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸை கமெண்ட்ல போடுங்க, பாத்துச் சொல்றேன்.