இன்ஜின் ஆயில்: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்
வாசகர் கேள்வி – வண்டிப் பக்கத்தின் பதில்

என் ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு இதுவரை காஸ்ட்ரால் மட்டும்தான் ஊற்றியிருக்கிறேன். “சர்வோவோ மேக்கோ போடுங்க சார், காசு மிச்சம்” என்கிறார் மெக்கானிக். பேர் தெரியாத ஆயிலை நம்பி இன்ஜினைப் பாழாக்கிக்கொள்ள வேண்டுமா?
– ஈரோடு வாசகர்

இந்த இரண்டையும் பேர் தெரியாதவை என்று சொல்ல முடியாது. சர்வோ இந்தியன் ஆயிலின் சரக்கு, 1972 முதல் விற்பனையில் இருக்கிறது. மேக், பாரத் பெட்ரோலியத்துடையது. கிரிக்கெட் மைதானத்து விளம்பரப் பலகைகளில் அதிகம் தென்படுவதில்லை, அவ்வளவுதான்.

டப்பாவுக்குள் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அது தயாராகிறது. மீதி, சேர்மானங்கள்: கசடைக் கரைத்து வைத்துக்கொள்பவை, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம், சூட்டில் ஆயில் அதிகமாக இளகாமல் பார்த்துக்கொள்பவை. உலகச் சந்தையில் இந்தச் சேர்மானங்களில் பெரும்பகுதியை லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் என்ற நான்கு நிறுவனங்களே தருகின்றன. இதில் இன்ஃபினியம், ஷெல்லும் எக்ஸான்மொபிலும் சேர்ந்து நடத்துவது. பெரிய பிராண்டும் சின்ன பிராண்டும் ஒரே வாசலில் சரக்கு எடுத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வித்தியாசம் எந்த அளவில் கலந்தார்கள், எந்தச் சோதனைக்கு உட்படுத்தினார்கள் என்பதில்தான் வரும். அது டப்பாவின் பின்பக்கத்தில் தெரியும்.

அங்கே முதலில் தேட வேண்டியது பாகுத்தன்மை எண், அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று இருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ளதே வேண்டும். அடுத்தது ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரம். எஸ்.என். 2010-இல் வந்தது, எஸ்.பி. 2020-இல், எஸ்.க்யூ. 2025-இல். பெட்ரோல் வரிசையில் பிந்திய எழுத்து முந்தியதற்கும் சேர்த்துச் செல்லும், எஸ்.என். கேட்கும் வண்டிக்கு எஸ்.பி. தாராளமாகப் போடலாம். எஸ்.எஃப். என்றிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அது 1988-க்கு முந்தைய இன்ஜின்களுக்கானது.

ஏ.பி.ஐ. என்ற எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உரிமம் வாங்கியவர்கள்தான் மெதுவடை போன்ற வட்ட முத்திரையைப் போட முடியும். உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியல் ஏ.பி.ஐ.-யின் இணையதளத்தில் இருக்கிறது. பிராண்ட் பெயரைத் தட்டினால் இரண்டு நிமிட வேலை. முத்திரை இல்லாததாலேயே ஆயில் மோசம் என்று ஆகிவிடாது. ஆனால் பெயரே கேள்விப்படாத ஒன்றுக்கு முத்திரையும் இல்லை, தொழில்நுட்ப விவரத் தாளும் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நாங்கள் வாங்கமாட்டோம்.

மொத்தத்தில் உங்கள் வண்டிக்குக் கையேடு சொல்லும் எண்ணும் தரமும் இருந்தால் மெக்கானிக் சொல்வதைக் கேட்கலாம். அந்த மிச்சக் காசில் கொஞ்சத்தை நல்ல ஃபில்டருக்குக் கொடுங்கள். வண்டி நிற்கும்போது ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினின் அடித்தொட்டி) இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு பல ஃபில்டர்களில் உண்டு. மலிவு ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பழி ஆயில் மேல் விழும்.

“0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்கு, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்திடலாம்” என்கிறார்கள். சரியா?
– வேலூர் வாசகர்

வேலூர் வெயில் 42 டிகிரி என்றாலும் இன்ஜின் சூடேறிய பின் ஆயில் இருப்பது சுமார் 90 முதல் 110 டிகிரியில். ஊட்டியிலும் கிட்டத்தட்ட அதேதான். தெர்மோஸ்டாட்டின் வேலையே அது. டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண், 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. அதாவது இரண்டு மடங்கு.

‘தண்ணி மாதிரி’ தெரியும் அதே 0டபிள்யூ-20, 40 டிகிரியில் 40 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் இருக்கும். இன்ஜின் எதிர்பார்ப்பதைப்போல ஐந்து மடங்கு கெட்டி. 20டபிள்யூ-50 அதே சூட்டில் 150-ஐத் தாண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த அந்த முதல் நொடிகளில் இன்ஜினின் மேல்பகுதியில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏற அது திணறும். வால்வ் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் வி.வி.டி. அமைப்பு உள்ள வண்டிகளில் அதன் துளைகள் சின்னவை. கெட்டி ஆயிலில் அது தாமதமாக வேலை செய்யும், சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கே எரியும். மைலேஜும் குறையும்.

அம்பாசடர் காலத்து இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 பொருத்தம்தான். அந்தப் பழக்கம் இன்னும் பட்டறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையேட்டில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டும் அனுமதித்திருந்தால், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஆயில் குடிக்கும் வண்டிக்கு 5டபிள்யூ-30 எடுப்பதில் நியாயம் உண்டு. அதற்கு மேல் தாண்ட வேண்டாம்.

‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று சின்ன கம்பெனி டப்பாவிலும் போட்டிருக்கிறார்கள். மொபில் 1 விலையில் பாதிகூட இல்லை. ஏமாற்று வேலையா?
– திருச்சி வாசகர்

ஏமாற்று என்று சொல்ல முடியாது. அந்தச் சொல் அத்தனை அகலமானது. அமெரிக்காவில் காஸ்ட்ராலின் ‘சிந்தெடிக்’ விளம்பரத்தை எதிர்த்து மொபில் புகார் கொடுத்தது. கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் சிந்தெடிக் என்று அழைக்கலாம் என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து, வேதியியல் முறையில் கட்டி எடுக்கும் விலை உயர்ந்த நான்காம் வகையும் இதுவும் ஒரே பெயரில் விற்கின்றன.

பெயரை விட்டு விவரத் தாளில் ‘நோயாக்’ எண்ணைப் பாருங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது அது. எஸ்.பி. தரத்துக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு. 10-க்கு அருகிலோ கீழோ இருந்தால் நல்ல சரக்கு, டப்பாவில் யார் பெயர் இருந்தாலும்.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றும் டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் காருக்கு மொபில் 1 போடுவது ஆசைக்குத்தான். நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ இன்ஜின் என்றால் கதை வேறு. குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறு அவற்றில் வரும். சேர்மானத்தில் கால்சியம் மிகுந்தால் அது தூண்டப்படும். எஸ்.பி. தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு, ஆகவே அங்கே எஸ்.பி.க்குக் கீழே இறங்காதீர்கள். ஐரோப்பிய வண்டியானால், ஃபோக்ஸ்வாகன் 502 00 போன்ற தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் டப்பாவில் இருக்க வேண்டும். ‘ஒப்புதல் பெற்றது’ என்பதும் ‘இந்தத் தரத்துக்கு ஏற்றது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, விற்பவர் தாமே சொல்லிக்கொள்வது. பெரிய பிராண்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது பெரும்பாலும் இங்கேதான் நியாயமாகிறது.

பி.எஸ்.6 டீசல் கார். ஆயில் எதுவானாலும் சரிதானே?
– மதுரை வாசகர்

இல்லை. புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரிவடிகட்டி இருக்கிறது. எரியும் ஆயிலின் சாம்பல் அதில் தங்கிவிடும். கரியைப்போல அதை எரித்து நீக்க முடியாது. ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த, சாம்பல் குறைந்த சி வகை ஆயில்தான் வேண்டும். சி2, சி3, சி5 இவற்றில் எது என்பதைக் கையேடு சொல்லும். லாரிக்கு வாங்கிய 15டபிள்யூ-40 மிச்சம் இருக்கிறதென்று ஊற்றினால், வடிகட்டி மாற்றும் செலவில் பல வருட ஆயில் வாங்கலாம்.

பிராண்ட் மாற்றும்போது ஃபிளஷ் செய்ய வேண்டுமா? நானே வீட்டில் மாற்றலாமா?
– நாகர்கோவில் வாசகர்

ஃபிளஷ், அதாவது இன்ஜினின் உள்ளே கழுவிவிடுவது, தேவையில்லை. ஏ.பி.ஐ. தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பதே விதி. அவசரத்துக்கு வேறு பிராண்ட் அரை லிட்டர் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது.

வீட்டிலும் மாற்றலாம். ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். வண்டியைத் தூக்கி, எடையைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. டிரெயின் நட்டைக் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள். வாஷர் புதிது போடுங்கள். நட்டை இறுக்கும் அளவு பல சின்ன கார்களில் 35 நியூட்டன்-மீட்டரை ஒட்டி இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான ஸ்பானரில் முழுப் பலத்தைக் காட்டினால் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் ஆயில் முழுதும் தரையில். புது வளையத்தில் ஆயில் தடவி, அது இன்ஜினைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று திருப்புங்கள், போதும்.

பிறகு, கையேட்டில் சொன்ன அளவில் பத்தில் ஒன்பது பங்கு ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து, சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். மூன்று லிட்டர் சொச்சம் பிடிக்கும் வண்டியில் மூன்றரை லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்கைக் காக்காது. பைக் ஆயிலையும் காருக்கு எடுக்காதீர்கள். டப்பா ஒரே மாதிரி இருக்கும், ‘4T’ என்று போட்டிருந்தால் அது பைக்குக்கானது.

கடைக்காரர் பெரிய பிராண்டையே பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
– சேலம் வாசகர்

வேண்டவே வேண்டாம். உரிமம் பெற்ற சின்ன பிராண்டை விட ஆபத்து இதில்தான். போலி போடுகிறவர் பேர் போன பிராண்டைத்தானே காப்பியடிப்பார்? காலி டப்பாக்களைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி நிரப்புகிறார்கள். மூடியின் வளையம் முழுதாக இருக்கிறதா, வாயை மூடிய உள்தாள் உண்டா, தயாரிப்பு எண் டப்பாவில் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்யும் குறியீடு இருந்தால் கடையிலேயே செய்து பாருங்கள். இந்த விஷயத்தில் பெட்ரோல் பங்கில் அந்தந்த நிறுவனத்தின் ஆயிலை வாங்குவது நல்ல வழி. காலி டப்பாவைத் தூக்கிப் போடும் முன் லேபிளைக் கிழித்து, பக்கத்தில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? கரையானுக்கு மரத்தில் பூசலாம் என்கிறார்களே?
– தஞ்சாவூர் வாசகர்

பூசாதீர்கள். எரிந்த ஆயிலில் உள்ள உலோகத் துகளும் கரியும் மழையில் இறங்கி மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும், தோலுக்கும் கெடுதல். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஆயிலைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டுச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.