மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வெளியிடும் புரதங்கள் நோய்க்கு எவ்வாறு துணைபோகின்றன?

பாக்டீரியாவால் வரும் மெனிஞ்சைடிஸ், அதாவது மூளையுறை அழற்சி, பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும்தான் தொடங்குகிறது. மெனிங்கோகாக்கஸ், நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே ஆகிய மூன்றும் அங்குள்ள சளிப்படலத்தில் குடியிருப்பவை. பெரும்பாலானோரிடம் எந்தத் தீங்கும் செய்யாமல் இருந்துவிட்டுப் போய்விடுகின்றன.

அந்தப் படலத்தைக் காக்கும் எதிர்ப்பொருள்களில் முக்கியமானது ஐஜிஏ1. இம்மூன்று பாக்டீரியாக்களும் அதன் கீல் போன்ற நடுப்பகுதியை வெட்டும் நொதியைச் சுரக்கின்றன. வெட்டு விழுந்ததும், கிருமியைப் பிடித்திருக்கும் எதிர்ப்பொருளின் கைகள் அதன்மேல் ஒட்டியபடியே இருக்க, பாதுகாப்பு அணுக்களை அழைக்க வேண்டிய வால்பகுதி தனியே கழன்றுவிடுகிறது. கிருமிக்கு இது ஏறக்குறைய ஒரு முகமூடியாகிவிடுகிறது. அதே எதிர்ப்பொருளின் இன்னொரு வகையான, நீண்ட கீல் இல்லாத ஐஜிஏ2 இந்த வெட்டிலிருந்து தப்பிவிடுகிறது. நியூமோகாக்கஸின் நொதி துத்தநாகத்தைச் சார்ந்தது, மற்ற இரண்டினுடையதும் செரீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வெட்டும், முற்றிலும் வேறான வகை. உறவில்லாத இரு நொதி வகைகள் ஒரே கீலைக் குறிவைப்பதே அதன் பயனுக்கு வலுவான சான்று என்று கருதுகிறேன். ஆயினும் இந்த நொதி மட்டுமே நோயைத் தந்துவிடாது: இதே நொதியைக் கொண்ட, கொனோரியா என்னும் பால்வினை நோயை உண்டாக்கும் கொனோகாக்கஸ் மூளையுறையை மிக அரிதாகவே தாக்குகிறது, ஏனெனில் இரத்தத்தில் தாக்குப்பிடிக்க உதவும் சர்க்கரைக் கவசம் அதற்கு இல்லை.

மூளைக்குள் நேரும் சேதத்தைப் பொறுத்தவரை, நியூமோகாக்கஸின் நச்சுப்புரதமான நியூமோலைசின் மிக முக்கியமானது. இது நம் உயிரணுச் சவ்வின் கொலஸ்ட்ராலில் ஒட்டி, 40 மூலக்கூறுகள் அளவில் வளையமாகக் கூடி, சவ்வில் ஓட்டை போடுகிறது. உள்காதின் மயிரணுக்களையும் இது கொல்வதால், பிழைத்தவர்களில் சிலருக்கு நிரந்தரமாகக் காது கேளாமல் போவதில் இதற்குப் பங்கு உண்டு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரு புரதத்தை அணுவுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் அடையாளத் தொடர் நியூமோலைசினில் இல்லை. பாக்டீரியா தன் சுவரையே கரைக்கும் லிட்ஏ நொதியால் சிதையும்போதே அது பெருமளவில் வெளிவருகிறது. பெனிசிலின் வகை மருந்துகளும் அதே சிதைவைத் தூண்டுகின்றன. ஆனால் இதற்கு அஞ்சி ஆன்டிபயாடிக்கை ஒரு மணிநேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிதைவால் பொங்கும் அழற்சியைத் தணிக்கவே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்குச் சற்று முன்போ அதனுடனோ கொடுக்கிறார்கள்; 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 301 வயதுவந்த நோயாளிகளிடையே, இம்முறை இறப்பை 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைத்தது, அந்தப் பயன் நியூமோகாக்கஸ் நோயாளிகளிடமே மிகத் தெளிவாகத் தெரிந்தது.