அப்பாவுக்கு பைபோலார்; மகனுக்கும் வருமா?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் கணவருக்கு 12 வருடமாக பைபோலார் நோய்; மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறித் துள்ளும், ஒரு சமயம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும். லித்தியம் மாத்திரையில் நன்றாக இருக்கிறார், ரப்பர் பால்வெட்டுக்கும் போகிறார். மகன் பிளஸ் டூ. ராத்திரி இரண்டு மணி வரை தூங்குவதில்லை, எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். 'அப்பன் சீக்கு மகனுக்கும் வந்தாச்சு' என்கிறார் மாமியார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா டாக்டர்?"

தெரியாது அம்மா. அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. மரபணு சோதனை என்று யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

காரணம் இதுதான். பைபோலாரை உண்டாக்கும் ஒற்றை மரபணு கிடையாது. 2025-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை அலசி, நோயோடு தொடர்புள்ள 298 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் பாரம் ஏற்றுகிறது. அவற்றில் பல நோயே இல்லாத எனக்கும் உங்களுக்கும்கூட இருக்கும்.

அதற்காக மரபுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வருகிறது. அதாவது குறைந்தது தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. ஒரே மரபணுக்களோடு பிறக்கும் ஒத்த இரட்டையரிலும், ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்றில்லை. மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு பையன் காதில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் அது ஆழமாகக் குத்தும்.

சரி, தூக்கம். இரண்டு மணி வரை விழித்துவிட்டுக் காலையில் எழுப்ப முடியாமல் கிடக்கிறானா? அப்படியென்றால் பரீட்சைப் பயமாகவோ செல்போனாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்டுக்கொண்டு, பணத்தை வாரி இறைத்தபடி நாலைந்து நாள் தொடர்ந்து இருந்தால் தாமதிக்கக் கூடாது. கணவருக்கு முதன்முதலில் எப்படி ஆரம்பித்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள், அந்த அடையாளம் உங்களுக்குத்தான் தெரியும்.

பலருக்கு இந்த நோய் முதலில் சோர்வாகவே தலைகாட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ உடனே காட்டுங்கள். அப்போது அப்பாவின் நோயை மறைக்காதீர்கள். கல்யாணச் சந்தையில் பெயர் கெடும் என்று நம் ஊரில் பலர் மறைக்கிறார்கள். அது தெரியாமல் டாக்டர் வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது மனத்தை எதிர்ப்பக்கம் உச்சத்துக்குத் தூக்கிவிடும்.

தூக்கம் கெடுவது இந்த நோயைத் தூண்டக்கூடியது. அதிகாலை இருட்டில் நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குப் போகிற உங்கள் கணவர் இரவில் சீக்கிரமே படுக்கட்டும். வியர்த்து வேலை செய்கிறவர், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். பையனும் பதினோரு மணிக்குள் விளக்கணைக்கட்டும், போனை உங்கள் அறையில் வையுங்கள்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், கட்டணமில்லை. பையனைக் காட்டப் போனால் கணவரின் மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அப்பாவுக்கு லித்தியம் நன்றாகக் கேட்டிருக்கிறது என்பது, மகனுக்கு எப்போதாவது மருந்து தேவைப்பட்டால் டாக்டருக்கு உதவும்.