பீரோவில் ரிவால்வர், விடுமுறைக்கு வரும் பேரன்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் உரிமம் பெற்ற .32 ரிவால்வர் ஒன்று இருக்கிறது, நடுவில் மடியும் இந்தியத் தயாரிப்பு. தோப்புக்குப் போகும்போது இடுப்பில் இருக்கும். மற்ற நேரமெல்லாம் படுக்கையறை பீரோவில், தோல் உறையோடு, தோட்டா போட்டபடி, வேட்டி அடுக்குக்குப் பின்னால். பீரோ சாவி மனைவியின் சாவிக்கொத்தில். ஏப்ரலில் ஏழு வயதுப் பேரன் வருகிறான். ஜூனில் கணவன் மனைவி இருவரும் மூன்று மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். "எந்தப் பெட்டி வாங்குவது? பேங்க் லாக்கரில் வைக்கலாமா? ஊருக்குப் போகும்போது தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்கிறார்.

ஐயா, பெட்டி அப்புறம். முதலில் தோட்டாவை எடுங்கள், இன்றைக்கே. காவல்துறை ஆயுதப்படையில் துப்பாக்கி பழுதுபார்த்தே காலம் தள்ளியவன் நான். "உயரத்தில் வைத்திருக்கிறேன், பையனுக்குத் தெரியாது" என்று சொல்லாத வீடே கிடையாது. பீரோவில் பாட்டி எதை எங்கே வைத்திருக்கிறாள் என்பது பேரனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். விசை கனமாக இருக்கிறது, பையனால் இழுக்க முடியாது என்றும் நினைக்காதீர்கள். ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியலை, கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டால் போதும், அதன்பிறகு விசையை லேசாகத் தொட்டாலே சுட்டுவிடும்.

மடக்கித் திறந்ததும் தோட்டாக்கள் தானாக மேலே எழும்பும். அதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. இந்த மாதிரித் துப்பாக்கியில், தோட்டாக்களைத் தூக்கிவிடும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் ஒரு தோட்டா நழுவித் திரும்பவும் உள்ளே உட்கார்ந்துகொள்வது உண்டு. அதனால் ஆறு அறையிலும் விரல் நுனியை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். நான் இன்றும் வாய்விட்டு எண்ணித்தான் பார்க்கிறேன். பிறகு மடக்கித் திறந்த நிலையிலேயே ஒரு கேபிள் பூட்டைக் குழலுக்குள் விட்டு வெளியே எடுத்துப் பூட்டுங்கள். கம்பி உள்ளே இருக்கும்வரை துப்பாக்கியை மூடவே முடியாது. மூட முடியாத துப்பாக்கி சுடாது.

இனி பெட்டிக்கு வருவோம். இணையத்தில் மூவாயிரம் நாலாயிரத்துக்கு விற்கும் எண் பூட்டுப் பெட்டிகளை நம்ப வேண்டாம். பலவற்றில் தொழிற்சாலையிலேயே போட்ட ஒரு மாஸ்டர் எண் இருக்கும். வாங்கியவர் தன் எண்ணைப் போட்டுவிட்டு, அதை மாற்றாமலே விட்டுவிடுவார். சிலவற்றை மேல்புறத்தில் ஓங்கித் தட்டினாலே தாழ் விலகிக்கொள்ளும். கைரேகைப் பெட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். கைரேகை பதிவாகாத நிலையில் யார் விரல் வைத்தாலும் அவை திறந்துகொண்டன. அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனதாக அப்போது பதிவாகியிருக்கிறது. கைரேகைப் பெட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், பதிவு செய்யாத விரல் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள், வீட்டில் மற்றவர்களையும் வைக்கச் சொல்லுங்கள்.

கனமான இரும்புத் தகட்டில், நல்ல சாவிப் பூட்டோடு ஒரு சின்னப் பெட்டி போதும். உள்ளிருந்து நான்கு ஆங்கர் போல்ட் அடித்துக் கான்கிரீட்டில் இறுக்க வேண்டும். பழைய செங்கல் சுவரில் போல்ட் நிற்காது, அதற்குத் தரைதான் சரி. போல்ட் அடிக்காத பெட்டியைத் திருடன் அப்படியே தூக்கிக்கொண்டு போய் சாவகாசமாக உடைப்பான். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. இரண்டு சாவியும் உங்கள் இடுப்பில்தான் இருக்க வேண்டும், சாவிக்கொத்தில் அல்ல. உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது, உங்கள் மனைவியின் பெயரில் இல்லை. கையில் பிடித்திருந்தால்தான் வைத்திருப்பதாக அர்த்தம் என்றில்லை, கட்டுப்பாடு யாரிடம் என்பதும் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லிவிட்டது.

தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து உலோகத்துக்குக் கொடுக்கும், ஒரு மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளானால் பிசினாகி விசையைக் கவ்வும். துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பேங்க் லாக்கரை மறந்துவிடுங்கள். லாக்கர் ஒப்பந்தத்திலேயே ஆயுதம் வைக்கக் கூடாது என்று இருக்கும்.

தம்பி விஷயம்தான் முக்கியம். முடியாது. உரிமம் இல்லாமல் அவர் வீட்டில் அந்தத் துப்பாக்கி இருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு வருடம். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டுப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமதாரரின் முன்னிலையிலோ, அவர் எழுத்தில் கொடுத்த அனுமதியோடோ, உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்கிறது அது. ஆனால் எதற்கு? பழுதுபார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்த. இந்த மூன்றுக்கு மட்டும்தான். எடுத்துச் செல்வதற்கு அனுமதியே ஒழிய, வீட்டில் வைத்துக்கொள்வதற்கு இல்லை. "என் தம்பி வைத்துக்கொள்ள அனுமதிக்கிறேன்" என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினாலும் அது வெறும் காகிதம்தான்.

இந்த ஓட்டையில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். கலெக்டர் அலுவலக வாசலில் நிற்பார்கள். "ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கள் சார், துப்பாக்கியையும் லைசென்ஸ் புத்தகத்தையும் கொடுத்துவிடுங்கள், புதுப்பித்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்" என்பார்கள். உங்கள் துப்பாக்கி அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் வாரக்கணக்கில் கிடக்கும். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வயதானவர்கள் ஏன் இவர்களிடம் போகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஒரு புதுப்பித்தலுக்குத் தாலுகா, காவல் நிலையம், கலெக்டர் அலுவலகம் என்று மாதக்கணக்கில் அலையவிட்டால் மனிதன் வேறு என்ன செய்வான்? உரிமம் வாங்கும்போது பாதுகாப்பாக வைப்பேன் என்று உறுதிமொழி வாங்குகிறார்கள். அந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வீட்டுக்கு வந்து பார்த்த அதிகாரியை என் வேலைக்காலத்தில் நான் கண்டதில்லை.

சிங்கப்பூர் போகும் முன் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள். நான் வியாபாரியைத்தான் சொல்வேன். தேர்தல் சமயத்தில் ஒரு நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கிகளை ஈரச் சாக்கில் சுற்றி மூலையில் அடுக்கியிருந்தார்கள். முடிவு வந்து திரும்பக் கொடுத்தபோது, ஒரு பெரியவருடைய ரிவால்வரின் சிலிண்டர் சுழலவே இல்லை. அவர் அப்பா கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. நான்தான் பிரித்துச் சரிசெய்தேன். குழலின் உள்வரிகளில் விழுந்த குழியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எண்ணெய் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

அதனால் கொடுக்கும் முன் நன்றாக எண்ணெய் பூசுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள், துப்பாக்கி எண் தெரியும்படி ஒன்று. ரசீதில் அந்த எண், தோட்டா எத்தனை, தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். "தோட்டாக்கள்" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள், எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்து வாங்கும்போது ஒன்று குறைந்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டாம்.