கராத்தே கற்றுக்கொள்ள ஜென், தியானம், தத்துவம் எல்லாம் உண்மையிலேயே தேவையா?

மகனைக் கராத்தேயில் சேர்க்கப் போகிறேன், வகுப்பு முடியும்போது கண்ணை மூடி உட்காரவைத்து ஏதோ ஜப்பானிய வாசகம் சொல்லவைக்கிறார்கள், சண்டை பழக இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஷோடோகான் பாணியில் பதினேழு வருடமாகப் பயிற்சி செய்கிறேன், சில வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். தேவைதான். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தப்பு.

காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் ஷாவோலின் மடத்தில் கற்றுக்கொடுத்தார், அதுதான் வளர்ந்து கராத்தே ஆயிற்று, அதனால் அது பிறவியிலேயே பௌத்தக் கலை என்று நம் ஊரில் நிறைய மாஸ்டர்கள் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆனால் அவர் அங்கே உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சீன நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. அதைவிட முக்கியம், ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவில் பள்ளிக்கூடங்களுக்குள் கராத்தேவைக் கொண்டுவந்த இத்தோசு அன்கோ 1908-ல் எழுதிய கடிதம் தொடங்குவதே, கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்றுதான். நாம் இன்று பழகும் கராத்தேவின் மூத்த ஆசான் அவர். அவரே அப்படிச் சொல்லிவிட்ட பிறகு நாம் வேறு கதை சொல்வது நியாயமில்லை.

அப்படியானால் தத்துவம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனகோஷி வழியாக. பள்ளி ஆசிரியர், சீன இலக்கியம் ஊறிப்போன மனிதர், 1922-ல் டோக்கியோவில் கராத்தேவைச் செய்து காட்டியவர். அதுவரை அந்தச் சொல்லைப் பெரும்பாலும் 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துகளால்தான் எழுதினார்கள், அதே உச்சரிப்பில் 'வெறுங்கை' என்று பொருள் தரும் எழுத்தும் உண்டு. 1936 அக்டோபர் 25 அன்று ஆசான்கள் ஒகினாவாவின் நாஹா நகரில் கூடிப் பேசி வெறுங்கையை ஏற்றுக்கொண்டார்கள். சீனாவோடு ஜப்பான் மோதிக்கொண்டிருந்த காலம், அரசியல் காரணமும் அதில் கலந்திருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஃபுனகோஷிக்கு வெறுங்கை என்பது ஆயுதமில்லாத கை மட்டுமில்லை. உருவமே சூன்யம், சூன்யமே உருவம் என்கிற பௌத்த சூத்திர வரியை அந்த எழுத்துக்குள் வைத்துப் பார்த்தார், தன் ஆசையும் கெட்ட எண்ணமும் இல்லாமல் உள்ளே காலியாக இருப்பவன்தான் எதிரில் வருவதைச் சரியாகப் பார்க்க முடியும் என்றார். ஒட்டு மாமரம் மாதிரிதான் இது. பின்னால் வைத்துக் கட்டிய கிளைதான், ஆனால் காய்ப்பு அதில்தான்.

இது உடம்பில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

உங்கள் மகன் முதலில் பழகப்போகும் கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசை, பெரும்பாலும் ஹெயான் ஷோடான். நேராக நிற்பான், இடது பக்கம் திரும்புவான், இடது கையை வலது தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அங்கிருந்து முழங்காலுக்கு மேலே வரை இறக்கித் தடுப்பான். முதல் அசைவு தடுப்பு. கடைசி அசைவும் தடுப்புதான், விரித்த கையால். ஹெயான் என்ற பெயரில் உள்ள ஐந்து கட்டாக்களுமே தடுப்பில்தான் தொடங்குகின்றன. நாம் வகுப்பில் 'ப்ளாக்' என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஜப்பானியச் சொல் 'உகே', அதற்கு நேர்ப்பொருள் வாங்கிக்கொள்வது, ஏற்பது. இது தெரிந்த அன்றைக்கு என் கை மாறியது என்றே சொல்வேன். அதுவரை எதிராளியின் கையை வெட்டித் தள்ளுவதாக நினைத்துத் தோளை இறுக்கிக்கொண்டே செய்துவந்தேன், பலகையில் பலகை மோதுகிற மாதிரி வலிக்கும். வருவதை வாங்கு, அப்புறம் திருப்பு என்று நினைத்துச் செய்தபோது தோள் தானாக இறங்கியது, மூச்சு கீழே போயிற்று, சரியான நேரத்தில் தடுக்கவும் வந்தது. கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது ஃபுனகோஷியின் பிரபலமான வாக்கு, காமகுராவில் எங்காகுஜி என்ற ஜென் கோயிலில் 1968-ல் அவருக்கு வைத்த நினைவுக்கல்லிலும் அதைத்தான் பொறித்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, அந்த முதல் அசைவை ஆயிரம் முறை செய்யவைத்தால் புரிந்துவிடும்.

பிரௌன் பெல்ட் வாங்கிய வருடம் ஒருநாள் குமிதேயில், அதாவது ஜோடியாகச் செய்யும் சண்டைப் பயிற்சியில், எதிரே நின்றவன் குத்தை நிறுத்தவில்லை. எங்கள் பாணியில் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில் குத்து நிற்க வேண்டும். உதடு கிழிந்தது. அடுத்த சுற்றில் அவனை விடக்கூடாது என்று காத்திருந்தேன், மாஸ்டர் என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை, இரண்டு பேரையும் எதிரெதிரே மண்டியிட்டு உட்காரவைத்தார். பத்து நிமிடம் இருக்கும். கால் மரத்துப்போனது, வாயில் இரத்த ருசி, அவன் மூச்சு எனக்குக் கேட்டது. முதலில் அவன் மேல் இருந்த கோபம், பிறகு மாஸ்டர் மேல், பிறகு எதன் மேல் என்றே தெரியாமல் தணிந்துவிட்டது. எழுந்து குனிந்து வணங்கிவிட்டு மறுபடி ஆடினோம். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் குமிதே செய்ததில்லை. காலியாக இருப்பது என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் கொஞ்சம் தொட்டுப் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட அந்த ஜப்பானிய வாசகம் 'டோஜோ குன்', அதாவது பயிற்சிக்கூடத்தின் நெறிகள், ஆக இருக்கும். ஐந்து வரி. குணத்தைச் செம்மையாக்கு, உண்மையாக இரு, முயற்சியை விடாதே, மரியாதையோடு நட, முரட்டுத்தனத்தை அடக்கு. ஒவ்வொரு வரியும் 'ஹிதோட்சு', அதாவது 'ஒன்று' என்றே தொடங்கும். இரண்டு, மூன்று கிடையாது, எதுவும் எதற்கும் கீழே இல்லை என்பதால். டோஜோ என்ற சொல்லே முதலில் புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் போதிமண்டம் என்ற சொல்லின் மொழிபெயர்ப்பாக வந்ததுதான்.

சேர்ப்பதற்கு முன் ஒருநாள் வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் என்ன எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம். ஒரு பெரிய பையன் வெள்ளை பெல்ட் குழந்தையோடு ஜோடி சேரும்போது அவன் குத்து எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.