எனக்கு மட்டும் ஏன் இந்த மாத்திரை?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் பேத்திக்கு ஒன்பது வயது. தாயிடமிருந்து அவளுக்கு எச்.ஐ.வி வந்துவிட்டது. என் மகள் இப்போது உயிரோடு இல்லை. சத்து மாத்திரை என்று சொல்லித்தான் பேத்திக்கு மருந்து கொடுக்கிறோம். "மாமா மகனுக்கு இல்லாத சத்து எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கிறாள். போன கிழமை மெத்தைக்கு அடியில் மூன்று மாத்திரை கிடந்தது. உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாளோ, லயத்தில் யாரிடமாவது சொல்லிவிடுவாளோ?

பதில்: அம்மா, அந்த மூன்று மாத்திரைக்காக அவளை ஏசாதீர்கள். சத்து மாத்திரையை ஒருநாள் விட்டால் என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். ஆனால் இந்த மருந்தை விட்டுவிட்டுக் குடித்தால் கிருமி மறுபடி பெருகும். நாளடைவில் இதே மருந்துக்குக் கேட்காமலும் போகும். அதனால் நடந்ததைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்ப்பார்கள்.

சொல்லத் தொடங்க வேண்டிய வயது இதுதான். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்குத் தன் நிலை தெரிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011லேயே சொல்லியிருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். முதலில் நோயின் பேர்கூட வேண்டியதில்லை. "உன் இரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. உடம்பக் காக்குற காவல்காரங்கள அது அடிச்சுப் போட்டுரும். தினமும் மாத்திரை குடிச்சா அது தூங்கும். குடிக்காம விட்டா முழிச்சுக்கும்." இவ்வளவு போதும். அப்புறம், "நீ எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். என்ன விளங்கியது, எதற்குப் பயப்படுகிறாள் என்பது அவள் வாயிலேயே வரும். அடுத்த கேள்வி வர நாளாகலாம். வரும்போது பொய் மட்டும் வேண்டாம்.

பேரைச் சொல்லும் நாளைக் கிளினிக்கில் வைத்துக்கொள்வது நல்லது. லயத்தில் இரவில் பேசினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும்.

"எனக்கு இது யாரால வந்துச்சு?" என்று ஒருநாள் கேட்பாள். உங்களுக்குக் கஷ்டமான கேள்வி அதுதான். அம்மா வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பால் குடிக்கும்போதோ வந்தது, அம்மா வேண்டுமென்று தரவில்லை என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுங்கள், பரவாயில்லை. தகப்பனைத் திட்டுவதை மட்டும் அவள் காதில் விழ விடாதீர்கள். தாயின் நினைவு அவளுக்கு வெட்கமாகிவிடக் கூடாது. இன்று மருந்தை ஒழுங்காகக் குடிக்கும் தாய்க்குப் பெரும்பாலும் எச்.ஐ.வி இல்லாத பிள்ளைதான் பிறக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதைத் தடுத்த நாடு என்று 2019இல் இலங்கைக்குச் சான்றிதழே கிடைத்தது. உங்கள் பேத்தியும் நாளை ஒரு தாயாகலாம். அவள் வளரும்போது இதையும் சொல்லுங்கள்.

"வெளிய சொன்னா அவ்வளவுதான்" என்று மிரட்டினால், தன்னிடம் ஏதோ அசிங்கம் இருப்பதாக நினைப்பாள். யாரிடம் பேசலாம் என்று சொல்லிக்கொடுங்கள்: அம்மாச்சி, மாமா, கிளினிக் நர்ஸ் மிஸ். மாமா மகனோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே போர்வையில் படுக்கலாம், ஒரே பீலியில் குளிக்கலாம். அதனாலெல்லாம் தொற்றாது. அவள் முன்னால் யாரும் தட்டைத் தனியாக எடுத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், உங்கள் கண் முன்னால் விழுங்கட்டும். பள்ளிக்கூடத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்; சில எச்.ஐ.வி மருந்துகளோடு அதைச் சேர்த்துக் குடிக்கக் கூடாது.

அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையை வெளியே இருக்க வைத்து, முதலில் நீங்கள் மட்டும் டொக்டரிடம் பேசுங்கள். அவர் சிங்களத்தில் பேசினால், தமிழ் தெரிந்த நர்ஸையோ ஆலோசகரையோ கேட்டு வாங்குங்கள். பேத்தியையோ, லயத்து ஆளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.