கடைசி வரிசைக்கு என்ன கேட்கிறது?

கேள்வி: எங்கள் சங்கக் கூடம் 25 மீட்டர் நீளம், மேலே தகரக் கூரை. ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. நடுநடுவே மைக் வேறு கூவுகிறது. 15 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டை மேடை ஓரம் மேஜைமேல் வைத்திருக்கிறோம். இரண்டு மடங்கு வாட்ஸில் ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். அதுவும் முதலில் முன்வரிசையைத்தான் அடிக்கும்.

மேஜைமேல் இருக்கும் பாக்ஸ் முதல் நாலு வரிசைத் தலைகளைத்தான் பார்க்கிறது. உயர்ந்த சுருதி ஒலி நேர்க்கோட்டில் போவது. தலைகளில் மோதி அங்கேயே நின்றுவிடும். பின்னால் போவது வெறும் 'கும்'. நடுவர் 'பத்து' என்றாரா 'பட்டு' என்றாரா என்றே தெரியாது. வல்லினம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

பாக்ஸை ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டரை மீட்டர் உயரத்தில், முகம் லேசாகக் கீழே சாய்ந்து பின்பாதியைப் பார்க்கும்படி வையுங்கள். தகரத்தைப் பார்க்கவே கூடாது. (ஸ்டாண்டைத் தூணோடு கட்டிவிடுங்கள். விழாவில் குழந்தைகள் முதலில் இழுப்பது வயரைத்தான்.) பேசுபவரின் மைக், பாக்ஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும், வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. பாதிக் கூவல் அதிலேயே அடங்கும்.

அப்புறமும் பின்னால் குறைந்தால், அந்தப் பணத்தில் இரண்டு சின்ன 'காலம்' (column) ஸ்பீக்கர், அதாவது நெட்டையாக, ஒடுக்கமாக இருக்கும் பாக்ஸ், வாங்கி நடுக்கூடத்துத் தூண்களில் மாட்டுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். முன் பாக்ஸிலிருந்து 13 மீட்டர் தள்ளி மாட்டினால், மிக்சரில் 38 மில்லிசெகண்ட் தாமதம் வைத்து, மேலே ஒரு பத்து சேருங்கள். அப்போதுதான் குரல் மேடையிலிருந்து வருவதுபோல் இருக்கும். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை காதில் விழும்.

சோதிக்கும்போது 'ஹலோ மைக் டெஸ்டிங்' வேண்டாம். அது எவ்வளவு குழறினாலும் நமக்குப் புரிந்துவிடும், மனப்பாடம் அல்லவா! நான் ஒரு பையனிடம் பேப்பரைக் கொடுத்து டெண்டர் விளம்பரத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பேன். ஒருமுறை 'அறுபது' என்று எழுதினேன். பையன் படித்தது 'எழுபது'. அன்றைக்குப் பாக்ஸை இன்னும் ஒரு முழம் ஏற்றினோம்.

கேள்வி: கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கரே போதாதா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: அறிவிப்புக்குப் போதும், குறைந்த வாட்ஸில் நெடுந்தூரம் போகும். மேளத்துக்கு ஆகாது. தவிலில் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலைப் பக்கம் கேட்கும், கனமாக ஒலிக்கும் தொப்பிப் பக்கம் காணாமல் போகும். எதுவானாலும் இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி இருக்கிறது.